என்னென்ன மீன் இருக்குன்னு பார்க்க ஆத்துத் தண்ணியில டிஎன்ஏ எடுத்தவங்க, மறக்க முடியாத ஒரு அனுபவத்தைச் சொல்லுங்க

கோம்பாக் பையன்:
மாஸ்டர்ஸுக்காக கோம்பாக் ஆத்துல, மேல உலு கோம்பாக்குல ஆரம்பிச்சு கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக் வரைக்கும் ஆறு எடத்துல தண்ணி எடுத்தோம். ஃபில்டர், பம்பு, ஐஸ் பெட்டி எல்லாம் தெரிஞ்ச கதைதான். ரிசல்ட் வந்தன்னைக்கு சூப்பர்வைசர் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டி, "தம்பி, மூணாவது எடத்துல கெம்போங் எப்படிப்பா வந்துச்சு?"ன்னாரு. கெம்போங் கடல் மீனாச்சே! மேல ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு, லோங்காங் (சாக்கடை) தண்ணி நேரா ஆத்துலதான் விழுது, கழுவின தண்ணியா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படியே தீசிஸ்ல எழுதிட்டேன். ஆனா அன்னிக்குக் காலையில கார்ல உக்காந்து நாசி லெமாக்கும் கெம்போங் சம்பாலும் கையால பிசைஞ்சு சாப்பிட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். டிஷ்யூல தொடைச்சும் நகக்கண்ணுல அந்தச் செவப்பு எண்ணெ போகல. கிளவ்ஸ் போட்டேன்தான், போட்டது அதே கையாலதானே. கையிலருந்து ஏதும் கலந்துச்சான்னு காட்டுற பிளாங்க் சாம்பிளும் எடுக்கல.

பினாங்குக்காரி:
என் கதை டிஎன்ஏ இல்ல, போட்டோ. தீவுல ஒரு பழைய குட்டைக்கு மாணவங்களக் கூட்டிட்டுப் போயிருந்தேன். தண்ணி மேல செவப்பா ஒரு பந்து மாதிரி குஞ்சு மீன் கூட்டம், ஃபோன்ல எடுத்தா, மீன் பேர் சொல்ற ஆப் ஏதோ ரஸ்போராங்கிற சின்ன மீன்னு சொல்லுது. பையனுங்க கால வைக்கப் போறாங்க, தூண்டில் போட்டுட்டு இருந்த அங்கிள் ஓடி வந்து, "ஏய் தள்ளு தள்ளு, தோமான் குஞ்சு, ஆத்தாக்காரி கீழ நிக்கிறா, கடிச்சிருவா!"ன்னு கத்துனாரு. சொல்லி முடிக்கல, தண்ணி டப்புனு பொங்குச்சு. இன்னும் நெஞ்சு படபடக்குது.

ரிட்டையர்டு வாத்தியார்:
அம்மா, ஆப்பைக் குத்தம் சொல்லாதீங்க. தோமான் விரால் வகை, பெரிசு கரும்பச்சையில திட்டுத் திட்டா இருக்கும், குஞ்சு செவப்புல கருப்புக் கோடு, ரெண்டும் வேற மீன் மாதிரி. கத்துக்க குடுத்த படத்துல குஞ்சு கம்மியா இருந்தா அது என்ன பண்ணும்? நீங்க எடுத்ததும் மேலருந்து, வெயில் மினுக்குல.

கோம்பாக் தம்பிக்கு: 2015ல ஜப்பான்காரங்க கொண்டு வந்த மிஃபிஷ் ப்ரைமர் (மீன் டிஎன்ஏவை மட்டும் தேடிப் புடிக்கிற தூண்டில் மாதிரி) புடிக்கிற துண்டு டிஎன்ஏவுல 170 எழுத்து சுமாருக்குத்தான், அதனால சமைச்சு டிஎன்ஏ ஒடஞ்சுபோன மீனும் சிக்கும், கடையா கையான்னு அது சொல்லாது. ஒவ்வொரு எடத்துலயும் ஆத்துத் தண்ணிக்கு முன்னாடி சுத்தத் தண்ணிய அதே பம்புல ஓட்டி ஒரு ஃபில்டர் எடு, அதான் பிளாங்க். பம்பு குழாய பிளீச்ல கழுவு, அப்புறம் நல்லா அலசு. நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் நின்னு மேல்பக்கத் தண்ணிய மொள்ளு, காலுல ஒட்டினது கலக்காது. மூணு மூணா எடு. இன்னொண்ணு, டிஎன்ஏ தண்ணியோட மிதந்து கீழ வந்துரும், அங்க புடிபட்டா மீன் அங்கதான் இருக்குன்னு அர்த்தமில்ல. என் கதை ரெண்டு வரிதான்: வலையில ஏழு பண்டாராயா மீன் (தொட்டி கண்ணாடியில ஒட்டிக்கிற சக்கர் மீன்) மாட்டுச்சு, அதே எடத்துத் தண்ணியில அதோட டிஎன்ஏ கொஞ்சங்கூட வரல.

பினாங்குக்காரி:
வாத்தியாரே, அந்த ஆத்தாக்காரி பாயும்போது வெளிச்சம் சரியில்லன்னு யாரு பார்த்தா?

கோம்பாக் பையன்:
அண்ணே, மூணாவது எடத்தோட ஒரு ஃபில்டர் ஃப்ரீசர்ல மிச்சம் இருக்கு, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அத மடிச்சு வெச்சதும் அதே கைதான்.