1950-களின் வானொலிப் பேட்டிகள்: பேசினார்களா, படித்தார்களா?

சிற்றலை:
1940, 50-களில் எழுத்தாளர்கள், நடிகர்கள், ஓவியர்களோடு நடத்திய வானொலிப் பேட்டிகளைத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். சிலவற்றில் கேள்வியும் பதிலும் பள்ளி நாடக வசனம் போல ஒலிக்கின்றன. யாரும் திக்குவதில்லை, குறுக்கிடுவதில்லை. வேறு சிலவற்றிலோ கிழவர்கள் பேட்டியாளரிடம் எரிந்து விழுகிறார்கள். ஏறத்தாழ ஒரே காலம்தானே, ஏன் இத்தனை வேறுபாடு?

மூன்றாம் வரிசை:
நாடகம் என்று சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். பிபிசியில் ராய் பிளம்லி 1942-இல் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' என்ற பேட்டி நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, விருந்தினரோடு முன்பே பேசி, அதை எழுதி வைத்துக்கொண்டு, இருவரும் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து படித்தார்கள். போர்க்காலம், தணிக்கை பார்க்காத சொல் எதுவும் காற்றில் ஏறக்கூடாது.

நாடாவெட்டி:
தணிக்கை பாதிக் காரணம். மீதிப் பழி இயந்திரத்தைச் சேரும். பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவது என் தொழில், ஆகவே என் பேச்சு அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிநாடா பரவும் முன் பதிவெல்லாம் தட்டில்தான். அலுமினியத் தட்டு, மேலே செல்லுலோஸ் பூச்சு, அதில் ஊசி பள்ளம் வெட்டிக்கொண்டே போகும். 16 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 15 நிமிடம் கொள்ளும். வெட்டிய பள்ளத்தை அழிக்க வழியில்லை. விருந்தினர் நடுவில் உளறினால் ஒன்று அப்படியே ஒலிபரப்ப வேண்டும், அல்லது புதுத் தட்டு எடுக்க வேண்டும். எந்த நிலைய அதிகாரி அதற்குச் சம்மதிப்பார்? எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்வதே அவர்களுக்கு நிம்மதி.

ஜெர்மானியர்களின் காந்த நாடா போருக்குப் பின்தான் மற்ற நாட்டு நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நிலையப் பதிவுகளில் நாடா பெரும்பாலும் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். ஒரு நொடி இருமல் என்றால் 38 சென்டிமீட்டர் நாடா. பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டினால் போயிற்று. பிறகு யாரையும் எவ்வளவு நேரமும் பேசவிடலாம்.

எரிந்து விழும் கிழவர் என்று நீங்கள் குறிப்பிடுபவர் பிரெஞ்சு எழுத்தாளர் போல் லெயோத்தோவாக இருக்கலாம். 1950-51-இல் பிரெஞ்சு வானொலியில் ரொபேர் மாலே அவரைப் பேட்டி கண்டார். அப்போது வயது 78. சிறு இலக்கிய வட்டத்துக்கு வெளியே பெயர் தெரியாதவர். கைத்தடியைத் தட்டுகிறார், கேள்வியையே கேலி செய்கிறார், அடக்க முடியாமல் சிரிக்கிறார். அந்தத் தொடர்தான் முதுமையில் அவரை நாடறியச் செய்தது. அதற்குச் சற்று முன் 1949-இல் ஆந்த்ரே ஜீதை ஜான் அம்ரூஷ் பேட்டி கண்டார். நோபல் பரிசு பெற்றவரின் நூல்களை அவரிடமே விளக்கப் பார்க்கிறார் அம்ரூஷ், ஜீத் நழுவுகிறார். எழுதிப் படித்திருந்தால் அந்த நழுவல் நமக்குக் கிடைத்திருக்குமா?

மூன்றாம் வரிசை:
நாடாவுக்கு இவ்வளவு புகழ் வேண்டாம் ஐயா. இருமலை வெட்டிய கை தயக்கத்தையும் வெட்டும், கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. எழுதிப் படித்தவராவது தம் சொல்லுக்குப் பொறுப்பேற்றார்.

நாடாவெட்டி:
அந்தக் குற்றத்தைச் செய்யும் கைகளில் என்னுடையதும் ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் வெட்டுக்கு அஞ்சி நாடாவைத் தள்ளினால் அமெரிக்கப் பேட்டியாளர் ஸ்டட்ஸ் டெர்கலை இழப்போம். 1952 முதல் 1997 வரை சிகாகோ டபிள்யூஎஃப்எம்டி நிலையத்தில் இருந்தவர். விருந்தினரின் நூலைக் கோடு போட்டுப் படித்துவிட்டு வருவார். 1961-இல் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் வந்தபோது முதல் கேள்விக்கு முன் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டு ஒலிக்கிறது. அதிலிருந்தே பேச்சு தொடங்குகிறது. இத்தனைக்கும் இயந்திரம் அவருக்கு வசப்படவே இல்லை. நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமின் பேட்டியையும் நடிகர் மைக்கேல் ரெட்கிரேவின் பேட்டியையும் பதிவில் கோட்டைவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்!

சிற்றலை:
பால்ட்வினை இன்றே கேட்கிறேன். இன்னொன்று: பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் நாடாச் சுருள்கள் இருக்கின்றன. வாங்கலாமா?

நாடாவெட்டி:
சுருளின் பக்கவாட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன நாடா, பழையது. முகர்ந்தும் பாருங்கள், வினிகர் நெடி அடித்தால் சிதையத் தொடங்கிவிட்டது, மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். அறுந்தாலும் பதற வேண்டாம், அசிட்டேட் இழுபடாமல் நறுக்கென்று அறும், ஒட்டிவிடலாம். எதுவானாலும் வீட்டில் ஓட்டிப் பார்க்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.