கடைசி ஐந்து நிமிடத்தில் லோப்மேன் செய்தது நியாயமா?

தூசிப்புயல்:
'தேர் வாஸ் எ க்ரூக்கட் மேன்' (1970) படத்தை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். ஜோசப் மான்கிவிச் இயக்கிய ஒரே வெஸ்டர்ன் இது. இரண்டு மணி நேரம் அருமையாகப் போகும் படத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் குப்புறத் தள்ளிவிட்டார்கள் என்பது என் கட்சி. முழுக் கதையும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.

அரிசோனா இன்னும் மாநிலம் ஆகாத காலம், 1883. பாரிஸ் பிட்மேன் (கிர்க் டக்ளஸ்) ஒரு பணக்காரர் வீட்டில் 5 லட்சம் டாலர் கொள்ளையடிக்கிறான். பங்கு கேட்க ஆள் மிஞ்சக்கூடாது என்று கூட்டாளியையும் சுட்டுத் தள்ளிவிட்டு, பணத்தை ஒரு பெண்ணின் உள்ளாடைக்குள் மூட்டை கட்டி ராட்டில்ஸ்நேக் பாம்புகள் நெளியும் குழிக்குள் போடுகிறான். அப்புறம் விபசார விடுதியில் மாட்டிக்கொள்கிறான். பணத்தைப் பறிகொடுத்த அதே கனவான் சுவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறார்! பத்து வருடத் தண்டனை, பாலைவனச் சிறை. "பங்கு கொடு, தப்பிக்க விடுகிறேன்" என்று பேரம் பேசிய வார்டன், ஒரு கலவரத்தில் சாகிறார். அவர் இடத்துக்கு வருபவர்தான் வுட்வர்ட் லோப்மேன் (ஹென்றி ஃபோண்டா). நேர்மையானவர், கைதியும் மனிதன் என்று நம்புகிறவர். கைதிகளை வைத்தே ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டுகிறார். திறப்பு விழா அன்று அதையே கலவரமாக்கிப் பிட்மேன் தப்பிக்கிறான், பாம்புக் குழிக்குப் போகிறான், பணத்தோடு ஒளிந்திருந்த பாம்பு கடித்துச் சாகிறான். துரத்திக்கொண்டு போன லோப்மேன் பிணத்தைச் சிறை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பணத்தோடு மெக்சிகோ பக்கம் குதிரையைத் திருப்புகிறார்.

எதற்கு? அந்த மனிதர் காசுக்கு ஆசைப்பட்டு நாம் ஒரு காட்சியிலாவது பார்த்தோமா?

கடைசிபெஞ்ச்:
பார்த்தோம் நண்பரே, நீங்கள் கவனிக்கவில்லை. லோப்மேன் ஷெரீப்பாக இருந்தபோது குடிகாரன் ஃபிளாய்ட் மூனைச் (வாரன் ஓட்ஸ்) சுடாமல் பேசிப் பிடிக்கப் போகிறார். கிடைத்தது என்ன? காலில் ஒரு குண்டு. படம் முழுக்க நொண்டி நடக்கிறார். நல்லதனத்துக்கு விலை கொடுத்தவர் இவர், அந்த விலை ஒவ்வொரு அடியிலும் திரையில் தெரிகிறது. சிறைக்கு வந்த பிறகும் அதே கதைதான். கூடம் கட்டினார், அதை வைத்தே அவர் மூக்கை உடைத்தார்கள்.

இன்னொன்று, மான்கிவிச்சின் பழைய படங்களை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்', 'ஆல் அபௌட் ஈவ்' இரண்டுக்கும் அடுத்தடுத்த வருடங்களில் எழுத்துக்கும் இயக்கத்துக்கும் சேர்த்து ஆஸ்கர் வாங்கியவர். 'ஆல் அபௌட் ஈவ்' எப்படி முடிகிறது? சூழ்ச்சி செய்து மேலே வந்த ஈவின் அறையில் இன்னொரு பெண் புகுந்து, ஈவின் விருதைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று குனிந்து வணங்குகிறாள். ஏமாற்றுக்காரி ஒருத்தி முடிந்தால் அந்த நாற்காலிக்கு அடுத்தவள் தயார். இங்கே பிட்மேன் செத்ததும் அவன் மூட்டையை லோப்மேன் எடுத்துக்கொள்கிறார். இருபது வருடம் கழித்து அதே முடிவை வேறு உடையில் போட்டிருக்கிறார்.

தூசிப்புயல்:
அந்த ஒப்பீடு உங்களுக்கே எதிராகத்தான் போகிறது. கண்ணாடி முன் நிற்கும் அந்தப் பெண் வரும்போதே திருட்டு முழியோடுதான் வருகிறாள். ஈவிடம் ஏமாந்த மூத்த நடிகை மார்கோ கடைசியில் ஈவாக மாறிவிடவில்லையே! லோப்மேன் இருப்பது மார்கோவின் இடத்தில். மார்கோ திடீரென்று ஈவின் விருதைத் திருடிக்கொண்டு ஓடினால் ஒத்துக்கொள்வீர்களா?

காலில் குண்டு பட்டவர்கள் எல்லாம் திருடர்களாவார்கள் என்றால் அது கணக்கு, கதை இல்லை. குண்டடி பட்ட பிறகும் அவர் கைதிகளை நம்பினாரே, அதற்கு உங்கள் கணக்கில் இடம் எங்கே?

பழையரீல்:
ரெண்டு பேரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். படத்தில் வரும் சிறை கற்பனை, கலிஃபோர்னியாவில் ஜோஷுவா ட்ரீ பக்கம் செட் போட்டு எடுத்தது. ஆனால் அந்தக் காலத்து அரிசோனாவில் நிஜமாகவே ஒரு பிரதேசச் சிறை இருந்தது. யூமா. கொலராடோ ஆற்றங்கரைக் குன்றின் மேல் 1876 ஜூலையில் திறந்தார்கள், 1909இல் மூடினார்கள். முதல் கைதிகளின் கையாலேயே பாறையைக் குடைந்து அறைகள் கட்ட வைத்தார்கள். மொத்தம் 3,069 பேர் உள்ளே இருந்திருக்கிறார்கள், அதில் 29 பேர் பெண்கள். ஒன்றுக்கு மேல் மனைவி வைத்துக்கொண்ட மார்மன் மதப் பிரிவினர்கூட அங்கே வந்திருக்கிறார்கள். குன்றுக்குள் குடைந்த இருட்டறை ஒன்று உண்டு, அதற்குள் இரும்புக் கூண்டு. அடங்காதவனை அதில் போடுவார்கள்.

அதே சிறையில் நூலகமும் இருந்தது, மின்சாரமும் வந்தது. நூலகத்துக்காக வெளியாட்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, சிறையைச் சுற்றிக் காட்டினார்கள். ஊர்க்காரர்கள் பலர் வெயிலில் புழுங்கிக்கொண்டிருந்த காலம். 'கொலராடோ கரையின் கன்ட்ரி கிளப்' என்று கிண்டல் பெயர் வந்ததில் என்ன ஆச்சரியம்? இருட்டறையும் நூலகமும் ஒரே மதிலுக்குள். அதனால் லோப்மேன் மாதிரி ஒரு வார்டன் அந்தக் காலத்தில் இருக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசிபெஞ்ச்:
அப்படிச் சொன்னது யாரும் இல்லையே. ஆனாலும் நல்ல தகவல். அந்தச் சிறையில் கலவரம் நடந்ததா?

பழையரீல்:
நடந்தது, 1887 அக்டோபரில். சிறைக் கண்காணிப்பாளர் தாமஸ் கேட்ஸைக் கைதிகள் பிடித்துக் கேடயமாக வைத்துக்கொண்டு வெளியேறப் பார்த்தார்கள். காவல் கோபுரத்திலிருந்து ஹார்ட்லீ என்ற காவலர் குறி பார்த்துச் சுட்டுச் சிலரை வீழ்த்தினார். அதைவிட முக்கியம், கேட்ஸைக் காப்பாற்ற ஓடி வந்தவன் பார்னி ரிக்ஸ் என்ற இன்னொரு கைதி. ஆயுள் தண்டனைக் கைதி. அதற்காகவே அவனுக்குப் பிறகு மன்னிப்பும் கிடைத்தது.

படத்தில் இப்படி ஒரு கைதி இல்லை. லோப்மேனுக்காக ஒருத்தன் குறுக்கே பாய்ந்திருந்தால் அவர் மெக்சிகோ போயிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

தூசிப்புயல்:
அடடா, இதைத்தான் சொல்ல வந்தேன்! படம் எழுதியவர்களுக்கு அந்த மாதிரிக் கைதி தேவைப்படவில்லை. எல்லாருக்கும் ஒரு விலை உண்டு என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு உதவாத ஆளை உள்ளேயே விடவில்லை.

நிலாச்சோறு:
விட்டிருக்கிறார்களே! டட்லியும் சைரஸும் (ஹியூம் க்ரோனின், ஜான் ராண்டால்ஃப்) யார்? மதத்தைக் காட்டி ஏமாற்றிப் பிழைத்த ரெண்டு பேர். எப்போதும் கணவன் மனைவி மாதிரி சண்டை போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியாமல் இருப்பவர்கள். தப்பிக்கும் நேரம் வந்தபோது அவர்கள் போகவில்லை, உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். படத்தில் பிட்மேன் வலையில் விழாதவர்கள் அவர்கள்தான். லோப்மேனைப் பற்றி நீங்கள் இவ்வளவு பேசுகிறீர்கள், இவர்கள் பக்கம் யாரும் திரும்பவே இல்லை.

எனக்கு இந்தப் படத்தோடு பிரச்சினை வேறு. பொம்பளைகளை இந்தப் படம் நடத்தும் விதம் சகிக்கவில்லை. லீ கிராண்ட் மாதிரி ஒரு நடிகையைக் கூப்பிட்டு வைத்து வீணடித்திருக்கிறார்கள். திறப்பு விழாக் கலவரத்தில் பெண்களின் உடை கிழிபடுவதும் சிரிப்புக் காட்சியாகத்தான் போகிறது. ஆ பிங் என்ற சீனக் கைதியாக வருபவர் தைவானின் சி.கே. யாங். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பத்துப் போட்டிகள் சேர்ந்த டெக்காத்லானில் 58 புள்ளியில் தங்கத்தை விட்டு வெள்ளி வாங்கியவர். அவருக்குக் கொடுத்திருப்பது ஏறக்குறைய வாய் திறக்காத ராட்சதன் வேடம். கூடவே சார்ல்ஸ் ஸ்ட்ரவுஸின் துள்ளல் இசை, ட்ரினி லோபஸின் பாட்டு. பிணம் விழ விழப் பின்னணியில் திருவிழா. கடைசி ஐந்து நிமிடத்துக்கு முன்னாலேயே இதில் எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசிபெஞ்ச்:
பெண்கள் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன், நீங்கள் சொல்வது சரி. இசைக்கு மட்டும் வக்காலத்து வாங்குகிறேன். கதை எழுதியவர்கள் டேவிட் நியூமனும் ராபர்ட் பெண்டனும். மூன்று வருடம் முன்பு 'போனி அண்ட் க்ளைட்' எழுதியவர்கள். சிரிக்க வைத்துக்கொண்டே அடுத்த நொடி ரத்தத்தைக் காட்டுவது அவர்கள் கைவழக்கம். இந்தத் துள்ளல் இசை பிட்மேன் பக்கம் நின்று வாசிக்கிறது. கம்பிச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, சிரித்த முகம், யாரையும் தோளில் கை போட்டுத் தன் ஆளாக்கிக்கொள்ளும் பேச்சு. நாமும் அவன் தப்பிக்கட்டும் என்றுதானே உட்கார்ந்திருந்தோம்? கூடத் தப்பி வந்த அதே ஃபிளாய்ட் மூனைச் சுட்டபோதுதான், ஆரம்பத்திலும் இவன் கூட்டாளியைச் சுட்டானே என்று உறைக்கிறது. நம்மையும் ஏமாற்றியிருக்கிறான்.

நிலாச்சோறு:
நான் ஏமாறவில்லை. முதல் காட்சியிலேயே சுட்டவனை எதற்கு நம்பப் போகிறேன்?

தூசிப்புயல்:
ஃபோண்டா விஷயத்துக்கு வருகிறேன், என் கோபம் முக்கியமாக அங்கேதான். 1939இல் இளம் லிங்கன், 1946இல் 'மை டார்லிங் கிளெமென்டைன்' படத்தில் வையட் எர்ப், 1957இல் '12 ஆங்ரி மென்' படத்தில் மற்ற பதினொரு பேரையும் மசிய வைத்த ஜூரி. அமெரிக்க சினிமா 'நேர்மை' என்று எழுதி ஒட்டி வைத்த முகம் அது. அந்த முகத்தைக் காட்டி நம்மை நம்ப வைத்து, கடைசியில் அதையே விற்கிறார்கள். இதையும் 1968லேயே செர்ஜியோ லியோனி செய்தாகிவிட்டது. 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' படத்தில் அந்த நீலக் கண்காரர் ஒரு குழந்தையைச் சுடுவார். அதற்கு முன்னால் இந்த மெக்சிகோ சவாரியெல்லாம் எம்மாத்திரம்? அதிர்ச்சியும் பழசு, காரணமும் இல்லை.

கடைசிபெஞ்ச்:
லியோனி ஃபோண்டா வரும் முதல் காட்சியிலேயே உடைத்துவிடுகிறார், அந்த ஆள் வில்லன் என்று தெரிந்துதான் மீதிப் படம் பார்க்கிறோம். இங்கே அந்த நேர்மை முகத்தோடு இரண்டு மணி நேரம் குடித்தனம் நடத்துகிறோம். ரெண்டும் ஒன்றாகுமா?

அந்தக் காலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1934இலிருந்து கறாராக அமலில் இருந்த தணிக்கை விதிப்படி குற்றவாளி தண்டனை இல்லாமல் தப்பிக்கக்கூடாது. 1968 நவம்பரில் அதை எடுத்துவிட்டுச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஹாலிவுட்டில் ஒரு வார்டன் 5 லட்சம் டாலரை அள்ளிக்கொண்டு எல்லை தாண்டினால், அடுத்த ரீலில் அவரைக் கைது செய்தே ஆக வேண்டும். கைது இல்லாத முடிவை எடுக்க முடிந்த முதல் சில வருடங்களில் வந்த படம் இது.

பழையரீல்:
எடுக்க முடிந்தது சரி, எடுக்க வேண்டுமா என்பதுதானே தூசிப்புயல் கேட்பது.

யூமாவிலிருந்து இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 33 வருடத்தில் தப்பித்தவர்கள் 26 பேர், அதில் மதிலுக்குள்ளிருந்து தப்பியவர்கள் இரண்டே இரண்டு பேர். சிறையில் இறந்தவர்கள் 111 பேர், பெரும்பாலும் காசநோய். அந்தக் காலத்து வார்டனுக்குத் தலைவலி சுரங்கம் தோண்டும் கைதியைவிட இருமும் கைதிதான். இந்தச் சிறைப் படத்தில் எல்லாரும் தப்பிப்பதைப் பற்றியே பேசுகிறார்கள், ஒருத்தர்கூட இருமவில்லை. லோப்மேன் செய்யும் சீர்திருத்தமும் கூடம் கட்டுவது, விருந்தாளிகளை அழைப்பது என்று வெளியே காட்டக்கூடியதாகவே இருக்கிறது. அது கைதிகளுக்காகவா, தன் பெயருக்காகவா என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம்.

கடைசிபெஞ்ச்:
இதோ, தூசிப்புயல் கேட்ட விதை! திறப்பு விழா அன்று கைதிகளை வரிசையாக உட்கார வைத்து, பெரிய மனிதர்களை அழைத்து வந்து காட்டுகிறார். அவருக்கும் பாராட்டு வேண்டியிருக்கிறது. அந்தப் பாராட்டைப் பிட்மேன் எல்லார் முன்னாலும் பறித்துவிட்டான். 5 லட்சத்தை நஷ்ட ஈடாக எடுத்துக்கொள்கிறார்.

தூசிப்புயல்:
பழையரீல் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், லோப்மேனுக்கு மேடை ஆசை இருக்கிறது. ஆனால் மேடை ஆசை உள்ளவன் மெக்சிகோவில் ஒளிந்துகொள்ள மாட்டான் சார். பிணத்தையும் பணத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து நடு முற்றத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்வான். ஊர் பேர் தெரியாமல் மறைந்து போவது அந்த குணத்துக்கு நேர் எதிர்.

கடைசிபெஞ்ச்:
கலவரம் நடந்த சிறைக்கு எந்த மேடையில் கை தட்டுவார்கள்? பிணத்தோடு திரும்பினாலும் வேலை போயிருக்கும். காலும் போய், பெயரும் போய், வேலையும் போன ஒருத்தர் கையில் கேட்பாரற்ற பணம். அதற்கு அப்புறமும் சிறை வாசல் வரைக்கும் வந்து பிணத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புகிறார், பாருங்கள். அந்த இடத்தை ஃபோண்டா நடித்த விதத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள், வசனமே கிடையாது.

நிலாச்சோறு:
பிணத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்தை எடுத்தவரை எங்கள் தெருவில் வேறு மாதிரி சொல்வார்கள். அது போகட்டும், பணத்தைப் பறிகொடுத்த அந்தக் கனவானைப் பற்றி யாருமே கவலைப்படவில்லையே.

தூசிப்புயல்:
ஓட்டைக்குள் கண்ணை வைத்தவருக்கு நான் ஏன் கவலைப்பட வேண்டும்? ராத்திரி அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி போட்டுப் பார்க்கிறேன் கடைசிபெஞ்ச். பிணத்தை விட்டுவிட்டுக் குதிரையைத் திருப்பும் இடத்தில் அவர் ஒரு நொடியாவது தயங்கியிருந்தால் பாதி ஒத்துக்கொள்கிறேன். தயங்கவில்லை என்றால் நாளைக்கு இங்கேயேதான் இருப்பேன்.