சின்ன மேசையில் வரலாற்றுப் போர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கேடயச்சுவர்

2 அடிக்கு 2 அடி பலகை, 15 மி.மீ. பொம்மை வீரர்கள், டி.பி.ஏ. என்ற மேசைப்போர் விதிகள், ஹேஸ்டிங்ஸ் 1066. இங்கிலாந்தில் ஹெரால்டின் சாக்சன் படையை வில்லியமின் நார்மன் படை ஜெயித்த போர். தெர்மாகோலில் மேடு செய்து, பச்சைத் துணி போர்த்தி, ஹெரால்டின் 12 பேஸையும் (வீரர்களை ஒட்டிய சின்ன அட்டைகள்) தோளோடு தோளாக வைத்தேன். ஒரு பேஸ் 4 செ.மீ., மொத்தம் 48. இரண்டு பக்கமும் 6 செ.மீ. மிச்சம், அங்கே சதுப்பு. அளவு இவ்வளவு கச்சிதமாக விழுந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நார்மன் குதிரைகள் ஏறிவர இடம் வேண்டுமே என்று மேட்டைப் பின் விளிம்போடு ஒட்டி வைத்துவிட்டேன்.

சாக்சன் பக்கம் என் தம்பி. மூன்றாவது சுற்றில் நடுவில் ஒரு பேஸ் பின்வாங்க வேண்டி வந்தது. பின்னால் பலகை இல்லை. விதிப்படி அது போச்சு. அடுத்த சுற்றில் இன்னும் இரண்டு. நாலாவதும் போனதும் ஆட்டம் முடிந்தது. அந்த நாலாவது பேஸைக் கையில் வைத்துக்கொண்டு, பலகைக்கு அப்பால் வெறும் சன்மைக்காவைத் தொட்டுக் காட்டி, "அண்ணா, இங்க காடு இருந்துச்சுல்ல?" என்றான்.

இருந்தது. ஹெரால்டின் படை காட்டைக் கடந்துதான் அந்த மேட்டுக்கே வந்தது, பொழுது சாய்ந்து உடைந்தபோது பிழைத்தவர்கள் ஓடியதும் காட்டுக்குள்தான். தம்பி முந்தின ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறான். எட்டு மாதம் ஆகிறது. அவனும் ஆட வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ஆறு_மிமீ

எனக்கு வாட்டர்லூ, நெப்போலியன் தோற்ற போர். 90 செ.மீ. மேசை, 1 செ.மீ.க்கு 50 மீட்டர் என்று கணக்கு. பிரிட்டிஷ் பக்கம் பிடித்துவைத்திருந்த ஊகுமோன் பண்ணை வீட்டை மட்டும் அட்டையில் ஒரு மாதம் உட்கார்ந்து செய்தேன், ஓடு ஓடாக வெட்டி ஒட்டி. வடக்கு வாசல்தான் அந்த வீட்டின் உயிர். கோடரியோடு பிரெஞ்சு அதிகாரி லெக்ரோ உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததும், பிரிட்டிஷ் அதிகாரி மக்டோனெல்லும் ஆட்களும் முட்டுக்கொடுத்துக் கதவை மூடியதும் அங்கேதான். அழகாக வந்த வாசல் எல்லோருக்கும் தெரியட்டும் என்று முன்பக்கம் பார்த்து வைத்தேன்.

முன்பக்கம் என்றால் தெற்கு. பிரெஞ்சுக்காரர்கள் நிற்கும் திசை.

எதிரே ஆடிய அண்ணன் வயதில் மூத்தவர், அமைதியானவர். முதல் சுற்றிலேயே நெப்போலியனின் தம்பி ஜெரோமின் படையை நேராக வாசலுக்குள் நடத்திவிட்டார். நிஜத்தில் அவர்கள் தோப்பைத் தாண்டி, சுவரடியில் செத்து விழுந்து, மேற்குப் பக்கமாகச் சுற்றித்தான் அந்த வாசலுக்கு வரவேண்டியிருந்தது. உள்ளே போன பிறகு மேலே இருந்து ஒரு நிமிஷம் பார்த்தார். வீட்டைத் தூக்கித் திருப்பி வைத்தார். "முதல்ல இருந்து ஆடலாமா தம்பி?" என்றார். அந்த இரண்டு விரல் வீட்டைத் தூக்கியது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மூலைவிட்டம்

கேடயச்சுவர், தப்பு விளிம்பில் இல்லை. 12 பேஸையும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான் தப்பு. 60 செ.மீ. பலகையில் 48 செ.மீ. வரிசை வைத்தால் எதிராளிக்குச் சுற்றி வர வழியே கிடையாது. 8 முன்னால், 4 பின்னால் வையுங்கள். 32 செ.மீ. போதும். அல்லது பலகையை மூலைவாட்டில் பயன்படுத்துங்கள். மூலைக்கு மூலை 85 செ.மீ. கிடைக்கும், மேட்டுக்குப் பின்னால் தானாக ஒரு முக்கோணக் காடு வந்துவிடும்.

ஆறு மிமீ, உங்களுக்கும் ஒன்று. உருவத்தின் அளவிலேயே வீட்டைச் செய்யாதீர்கள். 6 மி.மீ. உருவம் என்பது 300-ல் 1 பங்கு. உங்கள் தரையோ 5,000-ல் 1 பங்கு. 20 மீட்டர் கொட்டகை ஒன்றே 7 செ.மீ. வரும், அதாவது உங்கள் கணக்கில் 350 மீட்டர். வீட்டை மட்டும் 2 மி.மீ. உருவங்களுக்கான அளவில் வையுங்கள், கண்ணுக்கு உறுத்தாது. மரங்களையும் குறையுங்கள், தோப்பு என்பதற்கு நாலு மரமும் ஒரு பச்சைத் துணித் துண்டும் போதும். நான் ஒருமுறை நெப்போலியனின் இன்னொரு போரான ஆஸ்டர்லிட்ஸில் இதைச் செய்யாமல் ப்ராட்சன் குன்றிலேயே பாதி மேசையை இழந்தேன், அவ்வளவுதான் என் கதை.

புள்ளலூரான்

எங்கள் பக்கத்துப் போர், 10 செப்டம்பர் 1780. மகேந்திர பல்லவன் ஜெயித்ததாகச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூர். ஆங்கிலேயக் கம்பெனித் தளபதி பெய்லியின் படை நடுவில், சுற்றிலும் மைசூரின் ஹைதரும் திப்புவும். பெய்லிக்கு உதவிக்கு வரவேண்டிய மன்றோ, பக்ஸார் போரை ஜெயித்த கம்பெனித் தளபதி, கொஞ்ச தூரத்தில் காஞ்சிபுரத்தில். மேசை சின்னது, காஞ்சிபுரத்துக்கு இடமில்லை. அதனால் தெற்கு விளிம்புக்கு வெளியே மன்றோ, சுற்றுக்கு ஒரு பகடை, 6 விழுந்தால் உள்ளே வருவார் என்று வைத்தேன்.

பெய்லியாக ஆடிய நண்பருக்கு வரலாறு தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் பகடையை உருட்டிவிட்டு விளிம்பைப் பார்ப்பார். வெடிமருந்து வண்டி வெடித்தது, நான் புகைக்குப் பஞ்சை எடுத்து வைத்தேன். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் சுவர் ஓவியத்தில் அந்த வண்டி வெடிக்கும், பெய்லி பல்லக்கில் இருப்பார், அதைப் பார்த்துத்தான் பஞ்சு யோசனையே வந்தது. மேசையில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு பேஸ். அப்போது 6 விழுந்தது. மன்றோவின் முதல் பேஸை விளிம்பில் வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

நிஜத்தில் மன்றோ வந்து சேரவே இல்லை. பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். இதை ஆட்டத்துக்கு முன்பே நண்பரிடம் சொல்லியிருக்க வேண்டுமா? யாராவது சொல்லுங்கள்.

ரெண்டடிப்பலகை

சொல்லாதது சரி. பெய்லிக்கும் தெரியாதே.

என்னுடையது ஒரே வரி. தெர்மாகோல் மேட்டில் நேராக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடு உருகிப் பள்ளமாயிற்று. முதலில் ஃபெவிகால் பூசிக் காயவிடுங்கள்.

கேடயச்சுவர்

மூலைவிட்டம் அண்ணா, மூலைவாட்டில் நேற்று வைத்துப் பார்த்தேன். காடு வருகிறது, ஆனால் வில்லியமின் பிரெட்டன்கள் (பிரிட்டனியிலிருந்து வந்த படை) நிற்க இடமில்லை. அதனால் மேட்டை 15 செ.மீ. முன்னால் இழுத்து, பின்னால் மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து கொட்டியிருக்கிறேன். குதிரைகளுக்கு ஓட்டம் குறையும், குறையட்டும். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். "ஓக் மரம் இன்னும் பெருசா இருக்கணும்ணா" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.