ராடு எகிறின அந்த நொடி: வீட்ல வெயிட் போடும் இடத்துல பார்த்ததை எழுதுங்க

பட்டறைக்காரன்

மூணு வாரம் ஆச்சு, அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்குது. அஞ்சடி ராடு, மடக்கு பெஞ்சு, பக்கத்துக்கு 5 கிலோ தட்டு ரெண்டு ரெண்டு. செட் (இடைவிடாம தூக்குற ஒரு சுற்று) முடிஞ்சதும் வலது பக்கத் தட்டு ரெண்டையும் ஒரே மூச்சுல உருவினாங்க. இடது பக்கம் தடால்னு கீழ, வலது முனை மேல. நுனி டியூப்லைட்டை ஒரசி, சுவத்துல கோடு கிழிச்சு, திரும்பி வந்து பெஞ்சோட ரெக்சின்ல குத்துச்சு. அரை நிமிஷம் முன்னாடி அந்த ரெக்சின்லதான் ஒரு தலை இருந்தது.

கணக்கு இதுதான். 25 மி.மீ. ராடு அஞ்சடிக்குக் கிட்டத்தட்ட 6 கிலோ. மடக்கு பெஞ்சுல ராடை வைக்கிற ரெண்டு கொம்புக்கும் இடையில 45 செ.மீ. ஆக ராடோட நடுவுலேர்ந்து கொம்பு 22.5 செ.மீ. தள்ளி, தட்டு 60 செ.மீ. தள்ளி. கொம்புக்கு வெளிய தட்டு 37.5 செ.மீ. தூரத்துல தொங்குது. சீசா மாதிரிதான், ராடோட எடை நடுவுல இருந்து கவிழாம பிடிக்குது: 6 × 22.5 = 135. அதை 37.5-ஆல வகுத்தா 3.6. ஒரு பக்கம் காலியா இருந்து மறுபக்கம் 3.6 கிலோ தாண்டினா கவிழும். 10 கிலோ எல்லாம் தேவையே இல்ல.

அதனால உள்பக்கம் முதல்ல 2.5 தட்டு, அதுக்கு வெளிய 5. எதிர்ப்பக்கம் ஒரு 2.5 கிடந்தாலே இந்தப் பக்கம் 9 கிலோ வரைக்கும் தாங்கும். கழட்டும்போது மாத்தி மாத்தி ஒவ்வொண்ணா. 2.5 ரெண்டும் கடைசி.

ஸ்டார்நட்டு

ராடாவது கண்ணு முன்னாடி கவிழும். டம்பெல் நட்டு கழண்டு வர்றது தெரியவே தெரியாது. தலைக்குப் பின்னாடி டம்பெல்லை இறக்கி ஏத்துற டிரைசெப்ஸ் பயிற்சி, ஏழாவது ரெப் (ஏழாவது தடவை தூக்குறது). காதை ஒட்டி ஒரு தட்டு நழுவித் தோள்ல பட்டுத் தரையில உருண்டுது. அது 2.5 கிலோங்கிறதால தோளோட போச்சு.

"நல்லா முறுக்கலை"ன்னு எல்லாரும் சொல்வாங்க. நல்லா முறுக்கினதுதான். ஒவ்வொரு கர்லுக்கும் (முழங்கையை மடக்கித் தூக்குறது) ராடு தன் அச்சுல மூணுல ஒரு பங்கு வட்டம் சுத்தித் திரும்புது. தட்டோட ஓட்டை ராடை விடக் கொஞ்சம் பெருசு, அதனால தட்டு அதே வேகத்துல சுத்தாது, பின்தங்கி நட்டை இழுக்கும். ரெண்டு முனையிலயும் ஒரே வலது மரைதான், வலப்பக்கம் சுத்தினா இறுகுறது. அதனால ஒரு முனை இறுகும்போது இன்னொண்ணு தளரும். திரும்பும்போது எதிரா நடக்கும், ஆனா தளர்ந்தது முழுசா இறுகாது. கர்ல் முடிச்ச கையோட அதே டம்பெல்லைத் தலைக்கு மேல தூக்கினா பாதி கழண்ட நட்டைத்தான் தூக்குறீங்க.

நட்டு உள்ள இருக்கிற ரப்பர் வளையம் காய்ஞ்சு கல்லு மாதிரி ஆயிருந்தா மாத்துங்க, பிளம்பிங் கடையிலேயே கிடைக்கும். நட்டுக்கு வெளிய மூணு மரையாவது தெரியணும். பிவிசி தட்டு அதே எடை இரும்புத் தட்டை விட ரொம்பத் தடி, மூணு போட்டாலே மரை தீர்ந்துடும். இன்னொண்ணு, இறுக்கினதும் நட்டுலேர்ந்து ராடு முனை வரைக்கும் நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போடுங்க. கோடு உடைஞ்சு தெரிஞ்சா நட்டு நகர்ந்திருக்கு. செட்டுக்கு நடுவுல ஒரு பார்வை போதும்.

மாடிவீடு

பட்டறைக்காரன் அண்ணா, தட்டு நகராம பிடிக்கிற லாக்கே போடக்கூடாதுன்னு சொல்றாங்களே? பெஞ்சுல படுத்து ராடை நெஞ்சுக்கு மேல தள்ளுற பெஞ்ச் பிரஸ்ல மாட்டிக்கிட்டா ஒரு பக்கம் சாய்ச்சுத் தட்டைக் கொட்டிடலாம்னு.

கர்லாக்கட்டை

சொல்றவங்க ஒரு தடவை கொட்டிப் பார்த்திருந்தா சொல்ல மாட்டாங்க. இடது பக்கம் கொட்டின உடனே வலது பக்கம் முழு எடையோட விழும், ராடு சாட்டை மாதிரி சுத்தும். மணிக்கட்டும் பக்கத்துல நிக்கிறவங்க முட்டியும்தான் அதுக்குப் பலி. லாக் இல்லாம தூக்கினா கை கொஞ்சம் ஏறுமாறா ஏறும்போதே தட்டு வெளிய நகர ஆரம்பிக்கும், அப்புறம் சமநிலை கெட்டு தோள் ஒரு பக்கமா வாங்கும். தனியாப் பண்றவங்க பெஞ்ச் பிரஸ்ஸை விட்டுட்டு தரையில படுத்து ஃபுளோர் பிரஸ் போடுங்க. முழங்கை தரையைத் தொட்டதும் நின்னுடும், ஒரு ஆபத்தும் இல்ல.

பட்டறைக்காரன்

கர்லாக்கட்டை சொல்ற முதல் பாதி சரி. ரெண்டாவது பாதி, அந்த ஃபுளோர் பிரஸ், பெரிய தட்டு வெச்சிருக்கிறவங்களுக்கு. ஒலிம்பிக் தட்டு 45 செ.மீ. விட்டம், தரையில நின்னா ராடு 22.5 செ.மீ. உசரத்துல இருக்கும், கழுத்து தப்பிக்கும். நம்ம வீட்டுத் தட்டு பத்து அங்குலம். ராடு தரையிலேர்ந்து அஞ்சு அங்குலத்துல நிக்கும், நெஞ்சு அதை விட உசரம். கை விட்டா தட்டு தரையைத் தொடுறதுக்கு முன்னாடி ராடு நெஞ்சைத் தொடும். ஃபுளோர் பிரஸ்ஸை டம்பெல்லுல போடுங்க, ராடுல வேணாம்.

பெஞ்ச் பிரஸ்தான் வேணும்னா பெஞ்சுக்கு ரெண்டு பக்கமும் ராடைத் தாங்குற ரெண்டு குதிரை (இரும்பு ஸ்டாண்டு) அடிச்சுக்கணும். 50 × 50 ஸ்கொயர் பைப், 2.5 மி.மீ. கனம், அடிப்பக்கம் முன்பின்னா 60 செ.மீ. நீளம். உசரத்தைக் கடையில கேட்டு அடிக்காதீங்க. பெஞ்சுல படுத்து, மூச்சை முழுசா இழுத்து, நெஞ்சு மேடு தரையிலேர்ந்து எவ்வளவுன்னு இன்னொருத்தர் டேப் பிடிக்கணும். அதுல 3 செ.மீ. கழிச்சா குதிரையோட உசரம். மூச்சு விட்டு நெஞ்சைத் தாழ்த்தினா ராடு குதிரை மேல உக்காரும், நழுவி வெளிய வரலாம். அடிச்ச பிறகு வெறும் ராடை வெச்சுக் கழுத்து மட்டத்தையும் பாருங்க. அங்க ராடு தொட்டா உசரம் பத்தலை.

நிலைவாசல்

கதவு நிலைக்கு நடுவுல முறுக்கி வெக்கிற புல்லப்ஸ் கம்பி பத்தி யாரும் எழுதலையே. வார்னிஷ் அடிச்ச தேக்கு நிலை, ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி. முறுக்கினப்போ கல்லு மாதிரி நின்னுது. நாலாவது புல்லப்ல ஒரு பக்க ரப்பர் ஒரு செ.மீ. இறங்கி நிலையில கறுப்பா ஒரு பிறை போட்டுது. அப்பவே விட்டிருக்கணும். ஆறாவதுல கம்பி கையோடயே வந்துது. முட்டி பின்னால மடிஞ்சிருந்ததால விழுந்தது வால் எலும்பு மேல.

இந்தக் கம்பி நீளம் கூடித்தான் இறுகுது, நீளம் கூடுறது சுத்துறதால. உள்ளங்கை முகத்தைப் பார்க்கப் பிடிச்சு ஆடினா சுத்து ஒரு பக்கம், வெளிய பார்க்கப் பிடிச்சா எதிர்ப்பக்கம். ரெண்டுல ஒரு பிடி கம்பியைக் கழட்டிக்கிட்டே இருக்கும். எந்தப் பக்கம் முறுக்கினா நீளுதுன்னு பார்த்து, ஆட்டம் அந்தப் பக்கமே போற மாதிரி திருப்பி மாட்டுங்க. கம்பியோட வர்ற, முனையைத் தாங்குற கிண்ணங்களை நிலையில ஸ்குரூ போட்டே ஆகணும், அழகு கெடுதுன்னு விடக்கூடாது. கால் மடக்காம கொஞ்சம் மட்டும் முன்னால நீட்டித் தொங்குங்க, விழுந்தாலும் பாதம் முதல்ல ஊணும்.

இல்லேன்னா முக்கால் இஞ்ச் ஜிஐ பைப். வெளி விட்டம் 27 மி.மீ. கிட்ட வரும், பிடிக்கச் சுகமா இருக்கும். 10 மி.மீ. ஆங்கர் போல்ட்டை பீம்லதான் அடிக்கணும். சுவத்துப் பூச்சுல டொப் டொப்னு சத்தம் வர்ற இடத்துல அடிச்சா போல்ட் பிடிக்கிறது வெறும் சிமெண்ட் பூச்சைத்தான்.

(வீட்டு முன்வாசல் நிலையில மாட்டினா பாட்டி திட்டுறது தனி. அதுக்கு ஆங்கர் போல்ட் இல்ல.)

முட்டைதோசை

எல்லாரும் இரும்பைப் பத்தியே பேசுறீங்க. ஒரு பையன் 10 கிலோ டம்பெல்லுல 12 கர்ல் அழகா போட்டான், அதே வேகத்துல 12.5 எடுத்தான், நாலாவதுலயே இடுப்பை வளைச்சுத் தூக்க ஆரம்பிச்சான். அவ்வளவுதான் பார்த்தது.

அது சோம்பேறித்தனம் இல்ல. 10-லேர்ந்து 12.5-ன்னா 25 சதவீத ஏத்தம். பெரிய ராடுல 100 கிலோ தூக்குறவர் ஒரே நாள்ல 125 போடுவாரா? ஒரே ஒரு தடவை தூக்க முடியுற உச்ச எடையைக் கணிக்க எப்லி சூத்திரம்னு ஒண்ணு இருக்கு: எடை × (1 + ரெப் ÷ 30). 10 கிலோ 12 ரெப்னா 14 வருது. 12.5 கிலோ 6 ரெப்னா 15. ஆக 10 கிலோவுல 15 ரெப் சுத்தமா வராம 12.5-ஐத் தொட்டா ஆறைக்கூட எட்ட முடியாது. தட்டு வாங்கும்போது 1.25 கிலோவை விடச் சின்னதா நாலு சேர்த்து வாங்குங்க, பக்கத்துக்கு ஒரு 1.25 போட்டாலே 2.5 ஏறிடும். கடைக்காரர் 5 கிலோவைத்தான் தள்ளி விடுவார், கேட்டாத்தான் சின்னதை எடுத்துத் தருவார். செட்டுக்கு நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் உக்காருங்க. வேர்க்கணும்னு முப்பது வினாடியில அடுத்த செட் ஆரம்பிச்சா மூச்சுதான் வாங்கும், எடை ஏறாது.

அப்புறம் சாப்பாடு. எடை போடுறவங்களுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரைக்கும் பலன் இருக்குன்னு 2018-ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க சொன்னாங்க. 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். ஒரு முட்டை 6 கிராம். காய்ஞ்ச சோயா உருண்டை 50 கிராம் எடுத்தா 26 வரும். அதை வெந்நீர்ல ஊறவெச்சு ரெண்டு தடவை பிழிஞ்சு குழம்புல போட்டா அந்த வாடை போயிடும். காலைல ரெண்டு முட்டை சேர்த்துட்டு...

ஸ்டார்நட்டு

முட்டைதோசை சார், யாரும் சோயா கேக்கலை.

சித்தாள்

டெட்லிஃப்ட், தரையில கிடக்கிற ராடை நிமிர்ந்து நின்னு தூக்குறது. அதே பத்து அங்குலத் தட்டு. முதுகுத்தண்டு ஒவ்வொரு முள்ளா சட்டைக்கு மேல தெரிஞ்சுது, அவ்வளவு வளைவு. "குனியாதே"ன்னு பக்கத்துல ஒருத்தர் கத்திக்கிட்டே இருந்தார். குனியாம எப்படி எடுக்கிறது? ராடு இருக்க வேண்டிய 22.5 செ.மீ.க்குப் பதிலா 12.7-ல கிடக்குது.

நாலு இஞ்ச் சாலிட் பிளாக் (கெட்டி சிமெண்ட் கல்) ரெண்டு வாங்கிப் படுக்க வைங்க. 10 செ.மீ. ஏறும், கணக்குச் சரியாகுது. மேல பழைய ரப்பர் மேட்டை வெட்டி ரெண்டு பட்டையா ஒட்டி நடுவுல பள்ளம் விடுங்க, இல்லேன்னா தட்டு உருண்டு பாதத்துக்கு வந்துடும். ராடு ஷூ கயிறு முடிச்சுக்கு நேர் மேல. மொதல்ல கையை இறுக்கி ராடுல இருக்கிற தளர்வை எடுங்க, டக்னு ஒரு சத்தம் வரும், அப்புறம்தான் காலால தரையைத் தள்ளணும்.

தட்டோடு

சாலிட் பிளாக் சரி, அதை எங்க வைக்கிறீங்க? மொட்டை மாடியிலதானே? 40 கிலோ ராடு இடுப்பு உசரத்துலேர்ந்து நழுவினதைப் பார்த்தாச்சு. தட்டோட்டுல நாணயம் அளவு வெடிப்பு. ஒண்ணும் ஆகலைன்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஐப்பசி மழையில கீழ்வீட்டு மின்விசிறிக் கொக்கியைச் சுத்தி வட்டமா ஈரம்.

ஆட்கள் நடமாடுற மாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் சுமைன்னு ஐஎஸ் 875 (கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை) சொல்லுது, சுமார் 150 கிலோ. சும்மா கிடக்கிற இரும்பை மாடி தாங்கும், விழுற இரும்புதான் பிரச்சினை. மாட்டுக் கொட்டகைக்குப் போடுற ரப்பர் மேட் வாங்குங்க. 15 மி.மீ.க்குக் குறையாத தடிப்பு, ஒரு ஆள் படுத்துப் புரளலாம். உடற்பயிற்சிக் கடையில அதே ரப்பருக்கு வேற பேர், வேற விலை. பீம் ஓடுற சுவரோரமா போடுங்க, அறை நடுவுல வேணாம். மழை பெஞ்சா தூக்கி நிறுத்துங்க, அடியில தண்ணி நின்னா பாசி பிடிச்சு வழுக்கும்.

இரும்புக்கடை

மேல பட்டறைக்காரன் போட்ட 3.6 கணக்குல ஒரு சந்தேகம். 6 கிலோன்னு எப்படி வந்தது? விட்டம் × விட்டம் ÷ 162, சைட்ல கம்பி எடை பார்க்கிற அதே சூத்திரம்தானே. 25 × 25 ÷ 162 = மீட்டருக்கு 3.86 கிலோ, அஞ்சடிக்கு 5.9. சரி. ஆனா அது கெட்டிக் கம்பிக்கு. மடக்கு பெஞ்சோட சேர்த்து விக்கிற பளபள ராடுல நிறைய குழாய்தான். 3 மி.மீ. கனக் குழாய்னா மீட்டருக்கு 1.6 கிலோ சொச்சம், மொத்தம் 2.5 கிலோதான். அப்ப கவிழுற அளவு 1.5 கிலோ. நீங்க மொதல்ல போடச் சொன்ன 2.5 தட்டே கவிழ்த்துடும்.

முனையில பிளாஸ்டிக் மூடி இருக்கான்னு பாருங்க. கழட்டிப் பார்த்து உள்ள காலியா இருந்தா குழாய். குழாயில ரொம்ப எடை ஏத்தினா நடுவுல வளையலாம். வளைஞ்சதைத் தரையில உருட்டினா நொண்டும், அப்படி நொண்டின ராடைத் திரும்பத் தூக்கக்கூடாது.

வெல்டர்

கொம்பு அகலத்தை 90 செ.மீ. ஆக்கினா கெட்டி ராடு 18 கிலோ வரைக்கும் ஒத்தப் பக்கம் தாங்கும். குறுக்கே ஒரு பைப் வெச்சு வெல்டு பண்ணினா முடிஞ்சுது. மடக்க முடியாது, அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்

இரும்புக்கடை சொன்னதுக்காக அதே ராடைத் தராசுல வெச்சாச்சு. 2 கிலோ 600. மூடியைக் கழட்டினா ஒரு முனையிலேர்ந்து மறு முனை வெளிச்சம் தெரியுது. மேல இருக்கிற 3.6-ஐ அடிச்சுட்டு 1.5-ன்னு படிங்க. எதிர்ப்பக்கம் 2.5 இருந்தா 9 இல்ல, 7. குழாய் ராடு வெச்சிருக்கிறவங்க முதல் தட்டு போடுறதுக்கு முன்னாடி நடுவுல பைக் கேரியர் ரப்பர் கயிறை ரெண்டு சுத்து சுத்திக் கொம்போட கட்டுங்க, கடைசித் தட்டு இறங்கின பிறகு அவிழுங்க.