பழைய தமிழ் நூல்கள் உள்ள நூலகத்தில் செயற்கை நுண்ணறிவை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கல்லூரி நூலகர், திருநெல்வேலி

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நூலகராகப் பணியாற்றுகிறேன். எங்கள் நூற்பட்டியல் கோஹா மென்பொருளில் உள்ளது. ஆனால் 1900ஆம் ஆண்டை ஒட்டி அச்சான தமிழ் நூல்கள் இன்னும் அதில் ஏறாமல் தனி அலமாரிகளில் இருக்கின்றன. மாணவர்களின் கேள்விகளுக்கு உடனுக்குடன் விடை தரும் செயற்கை நுண்ணறிவு உரையாடி ஒன்றை நிறுவ நிர்வாகம் இவ்வாண்டு நிதி ஒதுக்க முன்வந்துள்ளது. அந்த நிதியை அதற்கே செலவிடுவதா, பழைய நூல்களை மின்னுருவாக்கப் பயன்படுத்துவதா என்பதில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: மின்னுருவாக்கப் பணியில் இருப்பவர், சென்னை

வணக்கம். அந்த உரையாடி எதைப் படித்து விடை சொல்லப் போகிறது என்று நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். உங்கள் அலமாரியில் உள்ள நூல்கள் எழுத்துவடிவம் பெறாதவரை, அதற்கு அவை இல்லாத நூல்களே. ஆகவே மின்னுருவாக்கம்தான் முதலில் என்பது என் உறுதியான கருத்து.

பக்கப் படத்தைப் பார்த்து அதை எழுத்துவடிவமாக மாற்றும் மென்பொருள்களான எழுத்துணரிகள் (OCR) இன்றைய அச்சை நன்றாகவே படிக்கின்றன. பழைய அச்சில்தான் தடுமாறுகின்றன. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போல் மேலே வளைந்த கொம்போடும், ணா, றா, னா ஆகியவை கூட்டு வடிவிலும் இருக்கும். தேய்ந்த ஈய எழுத்தில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. தலைப்புப் பக்கத்தில் 'விலை அணா ௮' என்றிருப்பதை, எட்டைக் குறிக்கும் தமிழ் எண் என்று அறியாமல் 'அணா அ' என்று எழுத்துணரி பதிந்துவிடும். ௧ ககரமாகவும் ௨ உகரமாகவும் மாறிவிடுவதால் பக்க எண்களும் ஆண்டுகளும் குழம்பிப்போகும்.

இப்பிழைகளைத் திருத்த, உரையாடிகளுக்கு அடிப்படையான செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் பெரிதும் உதவுகின்றன. ஆனால் அவை திருத்துவதோடு நிற்காமல் 'வருஷம்' என்பதை 'வருடம்' என்றும், அரிய பாடபேதத்தை (பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொல் வடிவத்தை) எல்லோருக்கும் தெரிந்த பாடமாகவும் மாற்றிவிடக்கூடும். பதிப்பு வரலாற்றை ஆராய்பவருக்கு அந்த மாற்றம் சான்றையே அழித்துவிடும். எனவே பக்கப் படம், எழுத்துணரி தந்த மூல வடிவம், திருத்திய வடிவம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பாதுகாத்து, திருத்தத்தை ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வெளியிடுங்கள். ஒரு நூலை வருடுவதற்கு (ஸ்கேன் செய்வதற்கு) முன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அங்கெல்லாம் இல்லாத நூலுக்கே உங்கள் பணம் முதலில் போக வேண்டும்.

மறுமொழி 2: நூற்பட்டியலாளர், மதுரை

மேலே உள்ள கருத்தை முழுமனதோடு ஏற்கிறேன். அதோடு, பட்டியலையும் கவனியுங்கள். பழைய நூல்களில் ஆங்கில ஆண்டுக்குப் பதிலாக 'விகிர்தி௵' என்று தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருப்பது உண்டு (௵ என்பது வருடத்தைக் குறிக்கும் குறி). அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1830, 1890, 1950 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவி தயங்காமல் ஒன்றைத் தேர்ந்து தந்துவிடும். அச்சகத்தின் பெயரையும் முன்னுரையையும் பார்த்து எது சரி என்று முடிவு செய்வது நம் வேலை.

இக்கருவிகள் மெய்யாகவே நேரத்தை மிச்சப்படுத்துவது பெயர்களை ஒன்றுசேர்ப்பதில்தான். உ. வே. சாமிநாதையர், சுவாமிநாதையர், சாமிநாத ஐயர் என்று சிதறிக் கிடக்கும் பதிவுகளை ஒருவருக்குரியவையாக இருக்கலாம் என்று அவை முன்வைக்கும்போது, ஒப்புதல் அளிப்பது மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது. நூல் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்புகளைப் பரிந்துரைக்க பின்லாந்து தேசிய நூலகம் உருவாக்கிய அன்னிஃப் என்னும் திறமூலக் கருவி இருக்கிறது. ஆனால் அதைப் பயிற்றுவிக்க, மனிதர்கள் ஏற்கெனவே பொருள் தலைப்பிட்ட பதிவுகள் ஏராளமாக வேண்டும். தமிழில் நாம் செய்யாமல் விட்ட அந்த அடிப்படைப் பணியை எந்தக் கருவியும் நமக்காகச் செய்து தராது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நிர்வாகம் உரையாடியில் உறுதியாக இருந்தால், குறைந்தபட்சம் எவற்றை வலியுறுத்த வேண்டும்?

மறுமொழி 3: பல்கலைக்கழக நூலகத்தில் நோக்குதவிப் பிரிவில் (வாசகர்களின் கேள்விகளுக்கு உதவும் பிரிவில்) இருப்பவர்

உரையாடிகள் தந்த குறிப்பை நம்பி, எழுதப்படவே இல்லாத நூல்களைக் கேட்டு மாணவர்கள் எங்கள் மேசைக்கு வருகிறார்கள். 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழோடு வந்த கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் இருந்த 15 நூல்களில் 10 நூல்கள் இல்லாதவை. செயற்கை நுண்ணறிவு புனைந்தவை. ஆகவே உங்கள் பட்டியலிலிருந்தும் மின்னுருவாக்கிய பக்கங்களிலிருந்தும் உரிய பகுதியை முதலில் தேடியெடுத்து, அதை மட்டும் வைத்து விடை எழுதி, நூலின் அழைப்பெண்ணையும் (அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் எண்ணையும்) பக்கத்தையும் காட்டும் முறையை வலியுறுத்துங்கள். உரிய பகுதி கிடைக்காதபோது 'இந்நூலகத்தில் இல்லை' என்று சொல்லி, நூலகரிடம் அனுப்பும்படியும் அமைக்கச் சொல்லுங்கள்.

வாசகர் யார், என்ன நூல் எடுத்தார், என்ன கேட்டார் என்னும் விவரங்கள் வெளி நிறுவனத்தின் சேவையகத்தில் தங்கக்கூடாது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இந்தியாவின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டிருப்பதால், இதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் வேண்டியதில்லை.