சிறுநீரகத் தமனிச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் அவசியமா?

பாலக்கோட்டு மகன்:
என் தந்தைக்கு வயது 67. நான்கு வகை மாத்திரைகள் சாப்பிட்டும் ரத்த அழுத்தம் 170-க்குக் கீழே இறங்கவில்லை. பெங்களூரில் எடுத்த சி.டி. ஆஞ்சியோவில் இரண்டு சிறுநீரகத் தமனிகளும் முக்கால் பங்குக்கு மேல் சுருங்கியிருப்பது தெரிந்தது. பலூனால் விரித்து, தமனியைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைக்கலாம் என்கிறார் மருத்துவர். அடைப்பு இருந்தால் நீக்குவதுதானே முறை?

பென்னாகரம் ஆசிரியர்:
அவசரப்பட வேண்டாம் தம்பி. நாயின் சிறுநீரகத் தமனியை இறுக்கினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் கோல்ட்பிளாட் 1934-இல் காட்டியது உண்மை. ஆனால் கொழுப்புப் படிந்து சுருங்கிய முதியவரின் தமனியைத் திறந்துவிட்டால் அழுத்தம் தானாக இறங்கிவிடும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஏனெனில் பல்லாண்டு உயர் அழுத்தம் சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களை ஏற்கெனவே கெடுத்திருக்கும். 806 பேரைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான ஆஸ்ட்ரல் ஆய்விலும், 947 பேரைக் கொண்ட கோரல் ஆய்விலும், மருந்தோடு ஸ்டென்ட் வைத்தவர்கள் மருந்து மட்டும் உட்கொண்டவர்களைவிட மேலாக இருக்கவில்லை. கோரலில் மேல் அழுத்தத்தில் கிடைத்த வேறுபாடு ஏறத்தாழ 2 புள்ளிதான். ஆஸ்ட்ரலில் தமனியை விரிக்கும் சிகிச்சையால் 23 பேருக்குக் கடுமையான சிக்கல்கள் நேர்ந்தன. மாத்திரையை ஒழுங்காகத் தொடர்வதே முதல் வேலை. 2021-இல் நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தால் அது வீட்டுக்கே வருகிறது. ஸ்டென்ட் வைத்தாலும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினையும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் விட முடியாது.

கிருஷ்ணகிரி செவிலியர்:
ஆசிரியர் ஐயா சொல்லும் ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. அவற்றை எல்லோருக்கும் பொருத்துவதைத்தான் மறுக்கிறேன். ஸ்டென்ட்டால் பலன் உண்டா என்று மருத்துவருக்கே ஐயம் இருந்த நோயாளிகளைத்தான் ஆஸ்ட்ரலில் சேர்த்தார்கள். உறுதியாகத் தேவைப்பட்டவர் அதற்குள் வரவே இல்லை. கொழுப்பால் அல்லாமல், தமனிச் சுவரின் தசைநார்த் திசு வளர்ச்சியால் தமனி சுருங்கும் இளம் பெண்களுக்குப் பெரும்பாலும் ஸ்டென்ட் கூட வேண்டாம், பலூன் மட்டுமே நல்ல பலன் தரும். பாலக்கோட்டுத் தம்பி, அப்பாவுக்குத் திடீர் மூச்சுத்திணறல் வந்ததுண்டா?

பாலக்கோட்டு மகன்:
ஆடி மாதத்தில் இருமுறை நள்ளிரவில் வந்தது அக்கா. நுரையீரலில் நீர் கோத்ததாகச் சொல்லி ஆக்சிஜன் வைத்தார்கள். இதயத்தின் இயக்கம் எக்கோவில் நன்றாகவே இருந்தது. டெல்மிசார்டன் என்னும் ரத்த அழுத்த மாத்திரை தொடங்கிய இரண்டே வாரத்தில், சிறுநீரகம் குன்றினால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.3-இலிருந்து 2.1 ஆனதும் நினைவுக்கு வருகிறது. இதையெல்லாம் முதலில் எழுதாதது என் தவறு.

பென்னாகரம் ஆசிரியர்:
இதை முன்பே சொல்லியிருந்தால் அவ்வளவு அழுத்தமாக மறுத்திருக்க மாட்டேன். இரு பக்கச் சுருக்கத்தோடு இப்படி நுரையீரலில் நீர் கோப்பவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பதை வழிகாட்டு நெறிகளே ஏற்கின்றன. ஆனாலும் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஸ்கேனில் சிறுநீரகங்களின் நீளம் எவ்வளவு?

பாலக்கோட்டு மகன்:
வலது 9.8 செ.மீ., இடது 6.9 செ.மீ. என்று இருக்கிறது ஐயா.

கிருஷ்ணகிரி செவிலியர்:
இடது போல 6.9 செ.மீ. அளவுக்குச் சுருங்கிய சிறுநீரகம் பெரும்பாலும் மீளாது. இடப் பக்கத்தை ஏன் தொட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள் தம்பி. வலப் பக்கத்துக்கு நாள் கடத்தாதீர்கள்.