ஓபெனாவிலிருந்து லு புயிக்கு லாரி இல்லாத மலைப்பாதை வேண்டும் (அவசரம்)

நீலவண்டி:
வணக்கம். பிரான்சில் ஓபெனாவிலிருந்து லு புயி-அன்-வெலே வரை சைக்கிளில் போக வேண்டும். வரைபடச் செயலியில் பாதை போட்டால் 'என் 102' (N 102) தேசிய நெடுஞ்சாலையிலேயே கொண்டுபோய் விடுகிறது. பெரிய சாலைகளைத் தவிர்க்கச் சொன்னால் மோன்பெசா பக்கம் திருப்பி, ஏதோ மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. இரண்டும் வேண்டாம். அமைதியான வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், சனிக்கிழமை கிளம்புகிறோம்.

மலைக்காற்று:
என்ன வண்டி? டயர் எவ்வளவு அகலம்? பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு 28 பல்லா, 32ஆ? ஒரே நாளில் முடிக்கிற திட்டமா, நடுவில் தங்குவீர்களா? பை கட்டிக்கொண்டு போகிறீர்களா? இதெல்லாம் தெரியாமல் மலைக்கு வழி சொல்வது சரியாக இருக்காது.

வடபாரிஸ்:
தம்பி, ஓபெனாவுக்கே எப்படிப் போகிறீர்கள்? அங்கே ரயில் கிடையாது. வலான்ஸிலிருந்து பேருந்து என்றால் சைக்கிளை ஏற்றுவார்களா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

பழைய சக்கரம்:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்தாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. செயலியை மூடிவிட்டு மிஷ்லேன் காகித வரைபடத்தை விரியுங்கள். சிவப்புக் கோடு பெரிய சாலை, மஞ்சள் அடுத்தது, வெள்ளை ஊர்ச்சாலை. கோட்டின் மேல் அம்புக்குறி ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். வெள்ளைக் கோடாகப் பார்த்துப் போனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இவ்வளவுதான் விஷயம்.

கணவாய்க்காரன்:
இவ்வளவு சிரமம் எதற்கு? பிரான்சில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குச் சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை ஓட்டத் தடை. பயணத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்து என் 102இலேயே போங்கள். நல்ல தார், சீரான ஏற்றம்.

ரோன்கரை:
லாரிக்குத் தடை, சரி. விதிவிலக்கு வாங்கிய வண்டிகள், கேரவன், மோட்டார் சைக்கிள், வேன் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் அதே சாலையில்தானே ஓடும்? ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மலை வளைவில் எதிரே வண்டி வரும்போது அந்த இடைவெளி கிடைக்குமா என்று யோசியுங்கள். அமைதியான பாதை கேட்பவரை அங்கே அனுப்பக் கூடாது.

நீலவண்டி, செயலி ஏன் அப்படிச் செய்கிறது என்று சொல்கிறேன். ஓபெனா சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லு புயி 600க்குக் கொஞ்சம் மேல். நடுவில் ஆயிரம் மீட்டரைத் தாண்டிய பீடபூமி குறுக்கே கிடக்கிறது. என் 102 அதை ஷாவாத் கணவாயில் 1,266 மீட்டரில் கடக்கிறது. தூரமும் ஏற்றமும் குறைவாக வேண்டும் என்று கணக்குப் போடும் செயலிக்கு அதுதான் முதலில் தோன்றும். அதை அடைத்தால் லு ரூ சுரங்கம். லு புயியை லால்வாத் என்ற ஊரோடு இணைக்க நினைத்த ரயில்பாதைக்காகக் குடைந்தது அது. ரயில் ஓடாமலே திட்டம் கைவிடப்பட்டு, இப்போது கார் போகிறது. மலைக்கு மேல் ஏறாமல் உள்ளே புகுந்து போவதால் ஏற்றம் மிச்சம் என்று செயலி அதைப் பிடித்துக்கொள்கிறது. சைக்கிள் ஓட்டுபவருக்கு இருட்டும் குளிரும் கார் இரைச்சலும்தான் மிச்சம். சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்பதையும் வாயிலில் இருக்கும் பலகையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதனால் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, நடுவே நாலு இடத்தை நீங்களே குத்திவிடுங்கள்: மெசிலாக், ஜெர்பியே த ஜோன், லேஸ் எஸ்தாப்ல், லு மொனாஸ்தியே. பாதை தானாக நேராகிவிடும்.

நீலவண்டி:
நன்றி அண்ணா. சாதாரண ரோடு பைக், 28 மி.மீ. டயர். முன்னால் 50/34, பின்னால் 11-28. நானும் மனைவியும். ஓபெனாவில் தோழி வீடு இருக்கிறது, காரில் வண்டியோடு இறக்கிவிடுவார்கள். நடுவில் ஒரு இரவு தங்கலாம். திரும்புவது லு புயியிலிருந்து சேன்-எத்தியேன் வழியாக லியோனுக்கு ரயிலில்.

ரோன்கரை:
அப்படியானால் எனக்குச் சந்தேகமே இல்லை. வால்ஸ்-லே-பான் போய் டி 578 என்ற மாவட்டச் சாலையைப் பிடியுங்கள். வோலான் ஆற்றை ஒட்டியே ஆந்த்ரேக் வழியாக மெசிலாக் கணவாய் வரை, 1,119 மீட்டருக்கு ஏறுகிறது. சராசரி 3 முதல் 4 சதவீதம், பேசிக்கொண்டே ஏறலாம். ஆற்றங்கரையில் கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள், எரிமலைக் குழம்பு ஆறிப் பிளந்த பசால்ட். மேலே சரிவெல்லாம் படிக்கட்டு வைத்துக் கட்டிய செஸ்நட் தோப்புகள். ஆந்த்ரேக்கைத் தாண்டினால் பெரும்பாலான கார்கள் கழன்றுவிடும்.

மெசிலாக்கில் டி 122க்கு இடதுபுறம் திரும்புங்கள். லாஷாம்-ரஃபாயேல் 1,300 மீட்டருக்கு மேல் இருக்கும் சிறிய ஊர். அதன் பிறகு மரம் குறைந்து வெட்டவெளி மேய்ச்சல் நிலம். ஜெர்பியே த ஜோன் மலையடிவாரத்தில்தான் லுவார் நதி பிறக்கிறது. கார் நிறுத்துமிடமும் கடைகளும் இருப்பதால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் சலசலப்பு. அடுத்து க்ருவா த பூத்தியேர் கணவாய், 1,508 மீட்டர், உங்கள் பயணத்தின் உச்சி. எதிரே 1,753 மீட்டர் மெசாங்க் மலை முழுதாகத் தெரியும். அங்கிருந்து இறங்கினால் லேஸ் எஸ்தாப்ல், தங்க ஏற்ற இடம். மறுநாள் லு மொனாஸ்தியே வழியாகப் பெரும்பாலும் இறக்கம். லு மொனாஸ்தியேயில் ரெக்கூமேன் பாலத்தைப் பார்க்காமல் வராதீர்கள், ரயிலே வராத அதே பாதைக்காகக் கட்டியது.

மலைக்காற்று:
இதையே நானும் சொல்ல வந்தேன். ஒரு மாற்று உண்டு: பூர்சேயிலிருந்து டி 215, ரே-பிக் அருவியைத் தொட்டு லாஷாமில் வந்து சேரும். இன்னும் அமைதி, ஆனால் செங்குத்து அதிகம். முன்னால் 34 பல், பின்னால் 28 வைத்துக்கொண்டு, பையும் கட்டிக்கொண்டு ஏறச் சொல்ல மாட்டேன். முடிந்தால் பின்னால் 32 போடுங்கள். உங்கள் கியர் மாற்றும் கருவி அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பழைய சக்கரம்:
34க்கு 28 போதாதாம்! நாங்கள் இளமையில் 42க்கு 24 வைத்து ஆல்ப்ஸ் ஏறியவர்கள். காலில் பலம் இல்லாதவர்கள்தான் பல்லை எண்ணுவார்கள். பயிற்சி செய்யட்டும்.

மலைக்காற்று:
ஐயா, இந்தப் பேச்சு நூறு வருடத்துக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. இவர்கள் ரயில் மாறப்போகும் சேன்-எத்தியேனில்தான் வெலோசியோ என்ற பால் த விவி வாழ்ந்தார். பல கியர் இருந்தால் சாதாரண மனிதரும் மலை ஏறலாம் என்று 1930இல் இறக்கும்வரை எழுதியும் ஓட்டியும் காட்டினார். பந்தயக்காரர்கள் ஏற்கவில்லை, டூர் த பிரான்சில் கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவே 1937 ஆயிற்று. சிறிய கியர் என்பது முழங்காலைக் காப்பாற்றுகிற ஏற்பாடு, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? 34க்கு 28இல் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர். ஏற்றத்தில் அந்த வேகம் வராவிட்டால் மிதி கனத்து முட்டி நோகும்.

கணவாய்க்காரன்:
வெலோசியோ போட்டிக்கு ஓட்டியவர் அல்லவே. அவரை வைத்துப் பந்தயக்காரர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

பழைய சக்கரம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அவர் ஒரு சுற்றுலாக்காரர்.

மலைக்காற்று:
கேள்வி கேட்டவரும் சுற்றுலாவுக்குத்தான் போகிறார்.

வடபாரிஸ்:
இதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சனிக்கிழமை கிளம்புகிறார்கள். வெள்ளைக் கோடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பருவத்தில் ஓபெனா இருக்கும் ஆர்தேஷ் மாவட்டத்தில் செஸ்நட் விழத் தொடங்கிவிடும். குறுகிய ஊர்ச்சாலை நிழலில் முள்தோடும் ஈர இலையும் சேர்ந்து கிடக்கும், இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். வரைபடத்தில் சாலையின் நிறம் தெரியும், மேலே என்ன கிடக்கிறது என்று தெரியாது. மெசிலாக் ஏற்றம் மஞ்சள் கோடுதான், ஆனாலும் இவர்களுக்கு அதுதான் நல்லது.

வேட்டைக்காலமும் ஆரம்பித்துவிட்டது. ஆரஞ்சுப் பலகை கண்டால் அந்தப் பக்கக் காட்டுப்பாதைக்குள் நுழைய வேண்டாம், பளிச்சென்ற சட்டை போடுங்கள். தண்ணீருக்கு ஊர்க் கல்லறையைத் தேடுங்கள், பெரும்பாலும் குழாய் இருக்கும். "நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். ரொட்டிக் கடை மதியம் மூடிவிடும், சில ஊர்களில் திங்கட்கிழமை திறக்கவே மாட்டார்கள். அதனால் வால்ஸிலேயே வாங்கிப் பையில் வையுங்கள். மேலே ஓபெனாவைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும், காற்று வேறு. மனைவிக்கும் சேர்த்து மேலங்கி எடுங்கள்.

நீலவண்டி:
மெசிலாக் வழியே போட்டுவிட்டேன், நாலு இடத்தைக் குத்தியதும் சுரங்கம் போய்விட்டது. லேஸ் எஸ்தாப்லில் அறை கிடைத்தது. எல்லாருக்கும் நன்றி.

மலைக்காற்று:
32 மாற்றினீர்களா?

ரோன்கரை:
நீலவண்டி, வந்து சேர்ந்தீர்களா? லாஷாமுக்கு அப்பால் தார் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கோடையில் அந்தப் பக்கம் பொடிக்கல் போட்டார்கள், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

நீலவண்டி:
வந்துவிட்டோம், ரயிலில் இருக்கிறோம். ஆந்த்ரேக்கைத் தாண்டியதும் கார் அரிது. லாஷாமுக்கு அப்பால் பக்கக் காற்று பலம், மேலங்கி போட்டுக்கொண்டே ஓட்டினோம். பொடிக்கல் ஓரத்தில் மட்டும் ஒதுங்கிக் கிடக்கிறது, நடுவில் சுத்தம். மனைவி இன்னொரு முறை போகலாம் என்கிறாள்.

கணவாய்க்காரன்:
அடுத்த முறை பூர்சே வழியாகப் போங்கள்.

மலைக்காற்று:
32 இல்லாமல் வேண்டாம்.